இரண்டு மணிக் கையெழுத்து

“ஆறு பன்னிரண்டுக்குப் போட்டீங்க சார். இப்ப ஆறு நாப்பத்தொண்ணு.”

மாடிப்படியின் திருப்பத்திலிருந்து இந்தக் குரல் வந்ததும் கையிலிருக்கும் காப்பியை அப்படியே வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்த ஓடுவேன். தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் ஜெரால்டுக்குக் கிடையாது. அது நிரம்ப இருபத்தெட்டு நிமிடம், கரண்ட் மட்டமாக இருந்தால் முப்பத்தொன்று என்று கணக்கு வைத்திருக்கிறார். வடலூரில் எங்கள் வீட்டு மாடியில் அவர் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் தொட்டி வழிந்தது நான்கே முறை. அதில் மூன்று முறை அவர் சென்னையில் தங்கை ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருந்தார்.

ஐம்பத்து நான்கு வயது. ஒல்லியான ஆள். வருஷம் முழுக்க வெள்ளை அரைக்கைச் சட்டைதான். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். எழுதும்போது கையைத் திருப்பாமல் மணி பார்க்க அதுதான் வசதியாம். பால்காரர் தாமதமாக வந்தால் “இன்னைக்குப் பதினாறு நிமிஷம்” என்பார். அதில் குறை சொல்லும் தொனி இருக்காது, இன்று வெயில் அதிகம் என்று சொல்வது மாதிரிதான் இருக்கும். என் மனைவி திலகவதி தன் அக்காவுடன் போனில் பேசத் தொடங்கினால் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். எவ்வளவு நேரம் பேசினோம் என்பது மாடிவரைக்கும் பதிவாகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

ஜெரால்டு டைம் கீப்பர். டைம் கீப்பராக இருந்தார் என்று சொல்ல வேண்டும். போன நவம்பரோடு அது முடிந்துவிட்டது. நெய்வேலியில் சுரங்கத்து வேலைகளை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் ஆட்களின் நேரத்தை எழுதினார். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், மழைக்கு எவ்வளவு நேரம் வேலை நின்றது, ஓவர்டைம் உண்டா இல்லையா என்று எல்லாம் அவர் பேனா வழியாகத்தான் போகும். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வேலையே போன மனிதருக்கு என்னால் இன்னொரு தலைவலி வேண்டாம்.

தகரக் கொட்டகை ஒன்று, அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாய்த்து வைத்த ஒரு பெரிய நோட்டு. அதற்கு டைம் ஆபீஸ் என்று பெயர். கரி குவித்து வைக்கும் யார்டின் வாசலில் இருந்தது. காலை ஆறு மணி ஷிப்டுக்கு முப்பத்தொரு பேர் அவர் முன்னால் வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு பேர் பெண்கள். கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை அள்ளிப் போடுவதும் பெல்ட்டுக்கு அடியில் சுத்தம் செய்வதும் அவர்கள் வேலை. சேலைக்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அவரை அவர்கள் ‘டயம் சார்’ என்பார்கள். ஜெரால்டு என்ற பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தினவன். தேதிக்கும் மணிக்கும் என்ன மதிப்பு என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் இந்த மனிதர் வைத்திருந்த ஒழுங்கு என்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை. டைம் கீப்பர் ஆட்கள் கையில் டீ வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் டீ வாங்கிக் கொடுத்தவர்களுக்குப் பத்து நிமிடம் தள்ளி எழுதுவாராம். மற்றவர்கள் சண்டைக்கு வந்து, ஒருநாள் நோட்டையே கிழித்துப் போட்டுவிட்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து ஜெரால்டு வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டு போனார். பொங்கலுக்குக் கரும்பு நீட்டினாலும் வாங்க மாட்டார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவார், மொய் எழுதுவார், பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுவார். கிறிஸ்துமஸுக்கு முப்பத்தொரு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு கேக் மட்டும் அவர் கையால் தவறாமல் கிடைக்கும்.

கொடுக்கிறார், வாங்க மாட்டேன் என்கிறார் என்றால் நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் செய்துகொள்வார்கள்? “நம்ம கையால வாங்கினா டயம் சாருக்குத் தீட்டு போல” என்று ஒரு பெண் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் கிறிஸ்தவர், மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், தீட்டு என்ற சொல்லால் தன் பாட்டனார் காலத்திலேயே அடிபட்ட குடும்பம்.  விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “வெளக்கினா, ஏன் சார் எங்க மேல நம்பிக்கையில்லையான்னு கேப்பாங்க சார்” என்றார். அதுவும் நியாயம்தான். எங்கள் வீட்டிலிருந்து திலகவதி குழம்பு கொடுத்தனுப்பினால் பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். உள்ளே இரண்டு வாழைப்பழம் இருக்கும்.

இப்படித் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி இருந்துவிட்டவருக்குக் குடும்பமும் அமையவில்லை. அப்பா சுரங்கத்தில் பர்மனன்ட் ஆள்; டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அப்பா ஓய்வு பெற்ற நாளில் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஜெரால்டு மட்டும் பக்கத்திலேயே தங்கிக் கான்ட்ராக்டில் சேர்ந்தார். இன்றைக்குப் பர்மனன்ட் ஆகும், நாளைக்கு ஆகும் என்று அவர் காத்திருந்தார். பெண் வீட்டார் யாரும் அவ்வளவு நாள் காத்திருக்கத் தயாராக இல்லை. “முப்பத்தாறு வயசு வரைக்கும் மூணு எடம் பாத்தாங்க சார். அப்புறம் எங்க அம்மா தவறிட்டாங்க. அதோட சரி” என்று ஒருமுறை சொன்னார். 

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருக்குச் சறுக்கியது ஒரு பஸ்ஸால்.

பர்மனன்ட் ஆட்களை வீட்டில் கொண்டுவிட ஷிப்டு பஸ் உண்டு. கான்ட்ராக்ட் பெண்களுக்கு யார்டு வாசலுக்கு வெளியே வந்து நிற்கும் டவுன் பஸ்தான் கதி. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறது. நாலரை வருஷத்துக்கு முன்னால் அதன் நேரத்தை மாற்றி இரண்டு பத்துக்கு என்று வைத்துவிட்டார்கள். அடுத்தது மூன்றே முக்காலுக்கு. ஷிப்டு முடிவது இரண்டு மணிக்கு. முப்பத்தொரு பேர் வரிசையில் நின்று, கரிக்கையைத் துடைத்து, வெளியேறும் நேரத்துக்கு எதிரே கையெழுத்துப் போட்டு முடிக்க இருபது நிமிடமாகும். வரிசையில் முதல் பத்துப் பேருக்குப் பஸ் கிடைக்கும். மற்றவர்கள் ரோட்டோரத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும்.

அப்போது அவரிடம் வந்து பேசியவள் வீரம்மாள். பெண்களில் மூத்தவள், வாயும் துணிச்சலும் உள்ளவள், எந்தப் பேச்சுக்கும் அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள். “காலைல வரும்போதே ரெண்டு கையெழுத்தையும் போட்டுகினு போயிடறோம் சார். ஆறு மணிக்கு ஒண்ணு, ரெண்டு மணிக்கு ஒண்ணு. நாங்க எங்க ஓடிடப் போறோம்?” என்றாளாம். ஜெரால்டு முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் போனது. எட்டாவது நாள் இசைப்பிரியா என்று ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள், பஸ்ஸைத் தவறவிட்டு வேலி ஓரமாக நின்றிருந்தாள். பால் கட்டிக்கொண்டு, மேல் சட்டையையும் மீறி மார்பு நனைந்திருந்தது. துண்டை இழுத்து மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

மறுநாள் காலையில் ஜெரால்டு நோட்டை முப்பத்தொரு பேர் பக்கமும் திருப்பி வைத்து, “ரெண்டுத்தையும் போட்டுடுங்க” என்று மட்டும் சொன்னார். அன்று முதல் நோட்டில் எல்லாரும் தினமும் சரியாக இரண்டு மணிக்கு வெளியேறினார்கள். அந்த இரண்டு மணிக் கையெழுத்துகளைப் போடும்போது மணி ஆறுகூட ஆகியிருக்காது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் பெண்கள் அள்ளுகூடையைப் போட்டுவிட்டு நேரே பஸ்ஸுக்கு ஓடுவார்கள். யாராவது கூடுதலாக நின்றால் தனியே ஓவர்டைம் சீட்டு எழுதிக்கொள்வார் என்பது ஏற்பாடு. நாலு வருஷம் ஒரு வம்பும் வரவில்லை. அந்த நாலு வருஷமும் பெண்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

போன அக்டோபரில் மழைக்காலம். ஈரக்கரி பெல்ட்டின் உருளையில் அப்பிக்கொண்டுவிட்டது. சூப்பர்வைசர் மதிவாணன் வீரம்மாளை மட்டும் நிறுத்தி, அதைச் சுரண்டிவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறார். ஓவர்டைம் சீட்டுக்கு டைம் ஆபீஸில் சொல்ல மறந்துவிட்டார். மற்றவர்கள் பஸ்ஸேறிப் போய்விட்டார்கள். ஜெரால்டு கொட்டகையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு முப்பத்தைந்துக்கு வீரம்மாளின் வலது கை உருளைக்குள் போய்விட்டது.

இரண்டு விரல் போனது. உள்ளங்கையில் தையல். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கூடையை யார் எடுத்து வைத்தார்கள் என்றுதான் முதலில் கேட்டாளாம். அவளுடைய புருஷன் படுத்த படுக்கை, சம்பாதிக்கிற கை அவளுடையதுதான். வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று ஆனால் வைத்தியமும் மாதாமாதம் உதவித்தொகையும் சட்டப்படி வரும். இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. கம்பெனி நோட்டை எடுத்துக் காட்டியது. வீரம்மாள், உள்ளே ஆறு மணி, வெளியே இரண்டு மணி. எதிரே அவளுடைய கையெழுத்து. வெளியே போன பெண் அனுமதியில்லாமல் திரும்ப உள்ளே வந்து எதையோ தொட்டிருக்கிறாள், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். மதிவாணனும் தான் நிற்கச் சொல்லவேயில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகுட்டிக்காரர், பயந்துவிட்டார்.

ஆக, அவள் சொல்வது பொய் என்று சொல்வதற்கு ஒரே சாட்சி ஜெரால்டின் நோட்டு. தப்பில்லாமல் எழுதுவார் என்று பேரெடுத்தவருடைய நோட்டு.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அவர் என் மோட்டார் நேரத்தைச் சொல்லவில்லை. ஒரு காலை தொட்டி வழிந்து சன்னல் வழியாகத் தண்ணீர் கொட்டியபோது அவர் உள்ளேதான் இருந்தார். மாடியில் நடக்கும் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது. சுவருக்குச் சுவர் ஒன்பது தப்படி. கம்பெனி மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், நோட்டே பேசிக்கொள்ளும் என்று நல்லவிதமாகச் சொல்லியிருந்தார். காலையிலேயே கையெழுத்து வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டால் பொய்ப் பதிவேடு எழுதினவர் இவர்தான் என்று ஆகும். வேலை போகும், கேஸும் வரலாம்.

ஒருநாள் சாயங்காலம் கீழே இறங்கி வந்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“சார், நீங்க தேதி மாத்தி முத்திரை குத்தியிருக்கீங்களா?”

குத்தியிருக்கிறேன். வேலைக்கு விண்ணப்பம் போட்ட ஒரு பையனுக்காக ஒரே ஒரு தடவை, கடைசி தேதிக்கு மறுநாள், முந்தின நாள் தேதியைப் போட்டு. அதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன்.

“கண்டுபிடிச்சாங்களா?”

“இல்லை. அந்தப் பையனுக்கு வேலையும் கிடைச்சது.”

“அப்ப உங்களுக்குத் தெரியாது சார்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது உண்மை. யாருக்கோ உதவி செய்ய நான் ஒரு பொய் எழுதினேன். அது யார் கையையும் நசுக்கவில்லை. என் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

விசாரணையில் நடந்ததை அன்று சாயங்காலம் அவரே சொன்னார். அதுவரை எங்கள் வாசற்படியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விசாரிக்க வந்த அதிகாரி ஒரு பெண்மணி. இந்தப் பதிவேடு நீங்கள் எழுதியதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றிருக்கிறார். இதில் இருக்கிறது உண்மையா என்று கேட்டார். வெளியே போன நேரம் உண்மையில்லை, காலையிலேயே கையெழுத்து வாங்கிவிடுவேன், பெண்களுக்குப் பஸ் போய்விடும் என்று இவர் சொன்னார். மேனேஜர் முகம் கறுத்துப் போனது. ஆனாலும் அந்த மனிதர் கெட்டிக்காரர். அன்றைக்கு ஒருநாள் மட்டும் ஏதோ தவறு நடந்திருக்கும் மேடம் என்று உடனே குறுக்கே விழுந்தார். கம்பெனி தப்பித்துக்கொள்ள அது ஒரு வழி. ஜெரால்டுக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிருக்கும்.

“அந்தம்மா என்னைப் பாத்து, ஒரு நாள்தானான்னு கேட்டாங்க சார். கேட்டுட்டுப் பேனாவ மூடி வெச்சுட்டாங்க. எனக்கு எடங்குடுத்தாங்கன்னு புரிஞ்சுது. ஒரு நாள்னு சொன்னா, அன்னைக்கு மட்டும் வீரம்மாவே முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுட்டு ஏமாத்துனாங்கன்னு திருப்பிடுவாங்க. அதனால நாலு வருஷம்மா, எல்லா நாளும், எல்லாரும்னு சொன்னேன். பழைய நோட்டெல்லாம் எடுத்து மேசை மேல வெச்சேன்.”

 பிறகு, “என் எழுத்து நல்லா இருக்குன்னு அந்தம்மா சொன்னாங்க சார்” என்றார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

வீரம்மாளுக்கு வேலை நேர விபத்து என்றே எழுதினார்கள். வைத்தியம் கிடைத்தது, உதவித்தொகைக்கும் வழி பிறந்தது. ஜெரால்டுக்கு நவம்பர் முதல் வாரத்தில் வேலையில்லை என்ற கடிதம் வந்தது. நல்லவேளை, கேஸ் வரவில்லை. திலகவதிக்கு ஆறவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக ஆகிவிட்டதே, அந்தப் பஸ் போனால் போகிறது என்று முதல் நாளே விட்டிருக்கக் கூடாதா என்று என்னிடம் புலம்பினாள். அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்ததாக வந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. தகரக் கொட்டகையில் முகம் பார்க்கும் மெஷின் ஒன்றை மாட்டினார்கள். வரும்போது முகம் காட்ட வேண்டும், போகும்போதும் முகம் காட்ட வேண்டும். இனி யாரும் முன்கூட்டி வெளியேற முடியாது. சட்டப்படி மிகச் சரி. ஆனால் எட்டு மணி நேரம் கரி அள்ளிய முகத்தை அந்த மெஷினுக்கு அடையாளம் தெரியவில்லை. பெண்கள் முதலில் முகம் கழுவ வேண்டும். யார்டில் குழாய் ஒன்றே ஒன்றுதான். குழாய்க்கு ஒரு வரிசை, மெஷினுக்கு ஒரு வரிசை. இரண்டு பத்து பஸ் பழையபடி போய்விட்டது.

பெண்கள் மெஷினை வைத்தவர்களைத் திட்டவில்லை, ஜெரால்டைத் திட்டினார்கள். “அந்தாளு வாய மூடிகினு இருந்திருந்தா இந்தக் கஷ்டம் ஏது?” என்று பேச்சு. நல்லதுக்குக் காலமில்லை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஜெரால்டு இப்போது வடலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறார். பட்டா மாறுதல், முதியோர் உதவி, ஆதார் திருத்தம் என்று வருகிறவர்களுக்கு நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்கள் இரண்டு பேர் ஏதோ விண்ணப்பப் பாரம் நிரப்ப வந்தார்கள். உள்ளே இவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். “பத்து நாப்பதுக்கு” என்று அதை என்னிடம் சொன்னார். 

அன்று எனக்கு அந்த வீரம்மாள் மேல்தான் கோபம் வந்தது. மற்றவர்கள் போகட்டும், இவள் ஒருத்தியாவது வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

“அவங்க மேல தப்பில்ல சார். அவங்க கையெழுத்த காட்டித்தான அவங்கள பொய்க்காரின்னாங்க. அதைப் போடுங்கன்னு நோட்டத் திருப்பி வெச்சது நானு. என் மொகத்துல முழிக்க அவங்களுக்கு எப்படி மனசு வரும்?”

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மனிதர் அதற்கும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இவருக்கு ஒரு பெண்டாட்டி இருந்திருந்தால் ராத்திரி சோறு போடும்போது நாலு வார்த்தை திட்டி, மனதைத் தேற்றியிருப்பாள். மாடியில் அவருக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? சுவர்தான்.

தை பிறந்த பிறகு அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கடை மத்தியானம் ஒன்றரைக்கு மூடி மூன்றரைக்குத் திறக்கும். முன்னெல்லாம் அந்நேரம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுப்பார். இப்போது வருவதில்லை. வெளியில் எங்கேயோ சாப்பிடுகிறார் போலிருக்கிறது, கடைச் சாப்பாடு உடம்புக்கு ஆகாதே என்று திலகவதி கவலைப்பட்டாள். யாரையாவது பழக்கம் பிடித்திருக்கட்டும், நல்லதுதானே என்று நான் கிண்டலாகச் சொன்னேன். மனதுக்குள் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசையும்பட்டேன்.

போன மாதம் நெய்வேலியில் ஒரு வேலையாகப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். சித்திரை வெயில். அந்த யார்டு வாசலுக்கு எதிரே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் கொஞ்சம் நின்று போகலாம் என்று வண்டியை நிறுத்தினால், பக்கத்தில் ஜெரால்டின் டிவிஎஸ் நிற்கிறது. ஆளைத் தேடினேன். பஸ் நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை.

இரண்டு மணிச் சங்கு ஊதி எட்டு நிமிடத்துக்கெல்லாம் பஸ் வந்தது. ஏழெட்டுப் பெண்கள் ஓடிவந்து ஏறினார்கள். கடைசியாக ஜெரால்டு முன்படியில் வலது காலை வைத்தார். இடது கால் ரோட்டிலேயே இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பஸ் எந்த வழியாகப் போகிறது என்று கண்டக்டரிடம் கேட்டார். கண்டக்டர் சொன்னார். சேத்தியாத்தோப்புக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது. அங்கிருந்து கடலூருக்குத் தொடர் பஸ் உண்டா என்று கேட்டார். கடலூருக்குப் போக யாராவது சேத்தியாத்தோப்புக்குப் போவார்களா? கண்டக்டர் இளைஞர்தான், ஆனால் பொறுமைசாலி. “தெனமும் இதையே கேக்குறீங்களே சார்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, டிரைவரைப் பார்த்துக் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினார். டிரைவர் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். காலைப் படியில் வைத்திருக்கிற ஆளை இழுத்துக்கொண்டு எப்படி எடுப்பது?

நிமிடத்துக்கு நிமிடம் வாழ்ந்த மனிதர் ஓர் அரசாங்கப் பஸ்ஸை வேண்டுமென்றே தாமதப்படுத்திக்கொண்டிருந்தார். கொட்டகையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக முகம் சொட்டச் சொட்ட ஓடி வந்தார்கள். படியில் பாதியை அவர் அடைத்துக்கொண்டு நின்றதால் ஒருக்களித்து, அவரை உரசிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டயம் சார் என்று ஒரு குரல் கூட எழவில்லை. அவரும் யாரையும் பார்க்கவில்லை. வாய் மட்டும் மெல்ல அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

எல்லாருக்கும் கடைசியில் கொஞ்சம் வயதான ஒருத்தி நடந்தே வந்தாள். ஓட முடியவில்லை, வலது கையை மார்போடு சேர்த்து வைத்திருந்தாள். திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டு, குடிதண்ணீர் கொடுக்கும் வேலை தந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். படிக்கு வந்தவள் இடது கையால் கம்பியைத் தேடினாள். கம்பியில் ஜெரால்டின் கை இருந்தது. அவர் கையைக் கொஞ்சம் மேலே நகர்த்திக்கொண்டார். அவள் ஏறி, உள்ளே இரண்டடி போய்ப் பின்பு நின்றாள்.

“எறங்கிக்கோங்க சார். எல்லாரும் ஏறிட்டோம்” என்றாள். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள்.

ஜெரால்டு படியிலிருந்து காலை எடுத்தார். பஸ் புறப்பட்டது. நான் மரத்தின் மறைவிலேயே நின்றுவிட்டேன்.  அவர் டிவிஎஸ் பக்கம் வந்தபோது பார்த்தேன், வெள்ளைச் சட்டையில் இடது தோளிலிருந்து இடுப்பு வரை கறுப்பாக அப்பியிருந்தது. அத்தனை பெண்களின் சட்டைக் கரியும் அதில் இருந்தது. அவரும் குனிந்து பார்த்தார். தட்டிவிடுவதற்காகக் கையைத் தூக்கினார். பிறகு தட்டாமலே கையைக் கீழே போட்டுவிட்டு வண்டியை மிதித்தார்.